சுவருக்கு மேலே அடைத்த சாக்குகள்

பத்து வயதில் நான் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தினேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் சாக்கும் ஏறி நிற்க ஒரு பெஞ்சும்தான். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் பழியை அப்பாவும் அம்மாவும் சுமந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் சுமத்திக்கொண்டு, சாகும் வரை.

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறகு டவுனில் வீடு கட்டி, அறைக்கு அறை கதவு போட்டுக்கொண்டவர்கள் நாம். லயத்துச் சுவர் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரே நீளத் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள்; காம்பராவுக்கு ஒரு குடும்பம். இரண்டு காம்பராவுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் சந்து. அந்தச் சந்து வழியாகப் புகை போகும், கருவாட்டு வாசம் போகும், புருஷன் பெண்சாதி சண்டை போகும். முதல் காம்பராவில் ஒருவர் இருமினால் கடைசிக் காம்பராவில் பிள்ளை விழித்துக்கொள்ளும். நெருப்பும் அந்த வழியாகத்தான் போகும். நெருப்புப் பெட்டி கிடைக்காத காலம் அது. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் தகர டப்பாவில் தணலை அள்ளிச் சுவருக்கு மேலே நீட்டுவார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். முகம் பார்க்கத் தேவையில்லை.

எழுபத்தேழாம் வருடத்து ஆகஸ்ட் லீவு. ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டம். அந்த மாதத்தில் ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கும் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அது ஒருவரையும் சும்மா இருக்க விடாது. தகரம் நாள் முழுக்கப் படபடக்கும். கொடியில் துணி நிற்காது. நாய்கள் காரணமில்லாமல் குரைக்கும். எனக்கும் உட்கார முடியாது. கால் ஆற்றுக்குப் போகும். தேர்தல் முடிந்திருந்தது. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றிக் குனிந்து நின்று, பிள்ளைகள் வந்தால் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த வருடக் கடைசியில் எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பரீட்சையில் தேறினால் மாத்தளை டவுன் பள்ளிக்கூடம். தேறாவிட்டால் மலையில் புல்வெட்டு. லீவில் பையன் படித்ததை மறந்துவிடுவான் என்று அம்மாவுக்குப் பயம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போனால் அந்திக்குத்தான் வருவாள். அப்பா ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை, அவரும் அப்படித்தான். யார் என்னைக் கவனிப்பது?

லீவின் முதல் நாள் காலையில் அம்மா படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இருக்கியா?"

"இருக்கேன் பெரியம்மா."

"இவன் சத்தமாத்தான் வாசிக்கணும். சத்தம் நின்னுச்சுன்னா நீ கத்து. அந்திக்கு எங்கிட்ட சொல்லு."

"சரிங்க பெரியம்மா. தண்ணி குடிக்க விடலாமா?"

"குடிக்கட்டும். ஆத்துப் பக்கம் விடாத."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அடுத்த காம்பரா மாமாவின் மகள். என் வயதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அவளுடைய அம்மாவும் கொழுந்தெடுக்கப் போவாள். கைக்குழந்தைத் தம்பியைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டால் காய்ச்சல் வருகிறது என்று இவளிடமே விட்டிருந்தார்கள். அவர்கள் சாதியில் எங்களுக்குக் கீழ் என்று சொல்லப்பட்டவர்கள். வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் லயத்தில் இடம் கொடுத்தது தோட்டத்துத் துரை. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அம்மா முணுமுணுக்கவில்லை; முதல் நாளே சுவருக்கு மேலே தணல் கொடுத்தாள்.

இப்படியாக எனக்குக் காவல் போட்டாயிற்று. நான் வாசிப்பேன். காற்றில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் நிறுத்துவேன். உடனே அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:

"சத்தம் நின்னுச்சு!"

"எச்சி முழுங்குறேன்டி!"

"முழுங்கிட்டியா? வாசி."

கொஞ்ச நாளில் அவள் காவல் மட்டும் காக்கவில்லை என்று தெரிந்தது. என் வாசிப்புப் புத்தகத்தில் நீளமான பாடம் ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கோயிலுக்கு ஒரு வண்டிக்காரன் பெரிய மணியைக் கொண்டுபோகும் கதை. ஒரு நாள் சீக்கிரம் முடிக்க நடுவில் சில வரிகளை விழுங்கினேன்.

"நேத்து அவன் ரெண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டினான். இன்னைக்கு ஏன் காட்டல?"

"இன்னைக்கு மாட்டுக்குத் தாகமில்ல."

"புத்தகத்துல தாகம் நாளுக்கு நாள் மாறுமா? பெரியம்மாகிட்ட சொல்லவா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு யோசனையும் வந்தது. அதைச் சொன்னது அவள்தான் என்பதையும் நான் ஒளிக்கக் கூடாது.

"ஒனக்குப் பதிலா நான் வாசிக்கவா? நீ ஆத்துக்குப் போ."

"ஒனக்கு எங்கடி வாசிக்கத் தெரியும்?"

"வாசிக்கத் தெரியாது. சொல்லத் தெரியும்."

சொல்லிக் காட்டினாள். மரங்கள் பற்றிய பாடம், பதினாறாம் வாய்பாடு, மணிக் கதை, எல்லாம் என் குரலில், நான் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, நான் திக்கும் இடத்தில் திக்கி. நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அதற்கு அவள் கேட்ட கூலி இரண்டு: மணிக் கதையில் ஒவ்வொரு நாளும் அடுத்த கொஞ்சம், சிலேட்டில் ஒவ்வொரு நாளும் சில எழுத்துகள்.

"காதுல கேட்டா எழுத்து தெரியாதுல்ல. கண்ணுல காட்டு."

என் சிலேட்டுக்குச் சிவப்புச் சட்டம். ஒரு மூலை உடைந்து ஆணி தெரியும். எழுத்தை எழுதி, பெஞ்சில் ஏறி, சுவருக்கு மேலாக அதைக் கவிழ்த்துத் தொங்கவிடுவேன். அப்படிக் கவிழ்த்தால் எழுத்து அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. நேராகப் பிடிக்கச் சோம்பல், கொஞ்சம் குறும்பு.

"என்னடா இது, எல்லாம் காலை மேல தூக்கிக்கிட்டு நிக்குது? வவ்வால் எழுத்தா?"

"அப்படித்தான் இருக்கும். பாத்து எழுது."

கரித்துண்டு சுவரில் உரசும் சத்தம் கேட்கும். நான் ஜன்னல் வழியாகக் குதித்து மீன் பிடிக்க ஓடிவிடுவேன்.

லயம் முழுவதும் ஏமாந்தது. வேலைக்குப் போகாமல் வாசலில் வெயில் காயும் கிழவர்கள் அந்தியில் அம்மாவிடம், "ஒங்க மகன் தொண்டை கட்டிப் போற மாதிரி படிக்கிறான்" என்றார்கள். அம்மா எனக்குக் கற்கண்டு வாங்கிக் கொடுத்தாள், தொண்டைக்கு. நான் அதைத் தனியாகத் தின்றேன். அந்தக் கற்கண்டின் ஒரு துண்டைச் சுவருக்கு மேலே நீட்டியிருக்கலாம் என்று இந்த வயதில் நினைக்கிறேன். அப்போது தோன்றவில்லை.

அகப்பட்டது பள்ளிக்கூட மாஸ்டரால். கடைக்குப் போன மனிதர், லயத்துக்குள்ளிருந்து பதினாறாம் வாய்பாடு கேட்டு நின்றிருக்கிறார். நடுவே ஒரு குழந்தை அழுவதும், வாய்பாட்டைச் சொல்லும் குரலே "ஓ ஓ" என்று அதைத் தாலாட்டுவதும் கேட்டிருக்கிறது. நான் மீன் போட்ட டப்பாவோடு, ஈர ட்ரவுசரோடு வந்தபோது அவர் அவர்கள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். டப்பாவில் மீன் துள்ளியது.

அவர் போகவில்லை. வேலை முடிந்து எல்லோரும் வரும் வரை காத்திருந்து, லயத்து வாசலில் வைத்துச் சொன்னார்.

"லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கிற மொத நாளே இந்தப் புள்ளையக் கொண்டாந்து விடுங்க. இவனுக்குப் பக்கத்துல, ஒரே பெஞ்சில ஒக்கார வைக்கிறேன். இவனுக்கும் கொஞ்சம் புத்தி வரும்."

அவளுடைய அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். "கைப்புள்ளைய யாரு பாக்கிறதுங்க மாஸ்டர்?" என்றார்.

"பிள்ளைக் காம்பராவுல விடுவோம். காய்ச்சல் வந்தா வரட்டும், நான் பாத்துக்கிறேன்," என்றாள் அவளுடைய அம்மா. அந்த அத்தை அத்தனை பேர் நடுவில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் அப்பாவும் சொன்னார்: "அனுப்பு தம்பி. நானே சொல்றேன். இப்படி ஒரு மூளைய வீட்டுல வச்சுப் பூட்டக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "சோறு போடுறது இவனுக்கு. படிக்கிறது அவ," என்றார்.

சிரித்தார்கள். அப்பா பிறகு கொடுத்த அடி வலித்ததைவிட அந்தச் சிரிப்பு வலித்தது. மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பையன்கள், "ஏன்டா, பரீச்சைக்கும் அவளைத்தான் அனுப்புவியா?" என்றார்கள். அவளுக்கு 'வாடகைத் தொண்டை' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. "வாடகைத் தொண்டை வந்திருக்கேன், வழி விடுங்க" என்று குடத்தை இடுப்பில் இடித்துக்கொண்டு போவாள்.

போன தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த வேட்டியை வெட்டி அவளுடைய அம்மா வெள்ளைக் கவுன் தைத்தாள். அந்தச் செய்தியும் சுவருக்கு மேலாகத்தான் வந்தது.

"டேய், கவுனுக்குப் பை வச்சிருக்கு. சிலேட்டுக்குச்சி போட."

நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"சிலேட்டு இன்னைக்கு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். நானே எழுதிப் பாக்கிறேன்."

அகப்பட்ட அன்று நான் சுவருக்கு மேலே கொடுத்துவிட்டுப் போன சிலேட் அவளிடமே இருந்தது. அப்பா அடித்த கோபத்தில் நான் அதைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

"சரி, கதையாவது சொல்லு. வண்டி கவுந்து மணி ஆத்துல விழுந்துருச்சு. வண்டிக்காரன் அழுவுறான். அப்புறம்?"

எங்கள் வீட்டில் அப்பா ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பழைய ஏலக்காய்ச் சாக்குகள் கிடந்தன. படுக்கக் கீழே விரிப்போம். பெஞ்சைச் சுவரோரம் இழுத்தேன். அதன் மேல் அரிசிப் பெட்டியை வைத்தேன். ஏறி, சாக்குகளைச் சுருட்டிச் சந்தில் திணித்தேன். ஓரங்களில் கைமுட்டியால் குத்தி இறுக்கினேன்.

"என்னடா பண்ற? இங்க இருட்டுது."

அவர்கள் காம்பராவுக்கு ஜன்னல் இல்லை. எங்கள் பக்கமிருந்துதான் அவர்களுக்குப் பகல் வந்துகொண்டிருந்தது. அதை அதுவரை நான் கவனித்ததில்லை. கடைசிச் சாக்கைத் திணித்தபோது அவள் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. சுவரைத் தட்டினாள். நான் கீழே இறங்கி, மணிக் கதையின் மீதியை எடுத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக வாசித்தேன். முடிவு வரை வாசித்தேன். காற்று அடித்தது. காம்பரா முழுக்க ஏலக்காய் வாசம்.

அந்தியில் அந்த அத்தை வழக்கம்போல் தணலுக்குக் கூப்பிட வந்திருப்பாள். "அக்கா, கொஞ்சம்..." என்று ஒரு குரல் அமுங்கிக் கேட்டு, நின்றது. சற்று நேரத்தில் அவளுடைய அப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் வாசல் வழியாக வந்ததே எல்லோரையும் எட்டிப் பார்க்க வைத்தது.

"அண்ணே, சுவருக்கு மேல அடைச்சிருக்கு."

அப்பா அப்போதுதான் மேலே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒரே கேள்வி இருந்தது. ஆனால் இருவருமே அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர் ஒரே பெஞ்சுன்னு சொன்னாரே, அதுக்கா?" என்று கேட்டார் அவர். துண்டு அவர் தோளிலேயே இருந்தது. அன்று அதை எடுக்கவில்லை.

'எனக்குத் தெரியாது தம்பி' என்று அப்பா சொல்லியிருந்தால் போதும். ஆனால் வாசலில் லயமே கூடியிருந்தது. பெண்சாதி செய்த காரியம் என்று நினைத்துவிட்டார். அவளை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"என் காம்பரா. காத்தடிக்குது, அடைச்சேன். ஒங்கிட்ட கேட்டுட்டா அடைக்கணும்?"

"கேக்க வேணாம்ண்ணே. நாங்களும் இனி நெருப்பு கேக்க மாட்டோம்."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்றேன். அவர் திரும்பிப் போகும்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் எங்கள் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அந்த நேரம் எனக்கு இருந்தது. சாக்கை அடைத்தது சின்னப் பிள்ளைப் பொறாமை என்று யாராவது சொல்லலாம். அந்த மௌனத்துக்கு அப்படிப் பெயர் வைக்க முடியாது. அது பயமும் இல்லை. அப்பாவே தலையில் போட்டுக்கொண்டார், இனி எனக்கு அடி விழாது என்று நிம்மதியாக இருந்தது.

சாக்குகளை யாரும் எடுக்கவில்லை. அப்பா, அம்மா வைத்தது என்று விட்டார். அம்மா, அப்பா வைத்தது என்று விட்டாள்.

பிறகு தமிழர்களைத் தாக்கும் கலவரச் செய்திகள் வரத் தொடங்கின. டவுனுக்குப் போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எது உண்மை, எது பயம் என்று பிரிக்க முடியவில்லை. ஆண்கள் வேலைக்குப் போகாமல் ரோட்டு வளைவில் காவல் நின்றார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களக் கடைக்காரர் வந்து, ஏதாவது என்றால் பெண்களையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. சில இரவுகள் தேயிலைக்குள் போய்ப் பதுங்கினோம். அங்கேயும் அவர்கள் எங்களிடமிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

வவுனியா பக்கம் காடு வெட்டிக் குடியேறிய அவளுடைய சித்தப்பா வந்து கூப்பிட்டார். அந்த நாட்களில் மலையிலிருந்து எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள்; கலவரத்துக்குப் பயந்துதான் இவர்களும் போனார்கள் என்று லயம் சொன்னது. நானும் பல வருடம் எனக்கு அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் புறப்படுகிற காலையில் அவளுடைய அப்பா வாசலில் நின்ற கிழவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வெளிய இருந்து வர்றவனுக்குப் பயந்து போகல. அவனுக்குப் பயந்தா எல்லாரும்தான் போகணும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கே நாங்க வேணாம்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் எதுக்கு இருக்கணும்?"

அவள் அந்த வெள்ளைக் கவுனைப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தைத்ததைப் பயணத்துக்குப் போட்டிருந்தாள். தம்பி இடுப்பில். என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு எங்கள் வாசற்படியில் என் சிலேட் இருந்தது. ஒரு கீறல் கூட எழுத்து இல்லாமல் கழுவித் துடைத்திருந்தது. உடைந்த மூலையில் ஆணி குத்தாமலிருக்கத் துணி சுற்றியிருந்தது.

அவர்கள் காம்பராவுக்குள் போனேன். வாசல் வெளிச்சம் உள்ளே எட்டவில்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்துச் சுவர் முழுக்கக் கரி எழுத்துகள். அடியிலிருந்து அவள் கை எட்டும் உயரம் வரை. நான் தலைகீழாகக் காட்டியதையெல்லாம் அவள் நேராக எழுதியிருந்தாள்.

அடுத்த நாள் அப்பா சாக்குகளை இழுத்துக் கீழே போட்டார். "இப்ப சந்தோசமா ஒனக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எனக்கா? அடைச்சது நீங்க!"

"நானா?"

இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் அந்தச் சாக்கு வரும். 'அன்னைக்குச் சாக்கு அடைச்ச ஆளுதானே நீ' என்பார்கள். நாங்கள் மாத்தளைக்குக் குடிபெயர்ந்த பிறகும் வந்தது. நான் பரீட்சையில் தேறி, டவுனில் படித்து, ஆசிரியராகி, சம்பளத்தில் அவர்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்த பிறகும் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, "ஒங்கப்பா நல்ல மனுசன்தான். அந்தச் சாக்கு ஒண்ணுதான்," என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்தநிறுத்தம் வந்து வடக்கே போகும் பாதை திறந்தபோது அப்பாவும் இல்லை. இனிச் சொல்வதால் வீட்டில் யாருக்கும் வலிக்காது என்ற தைரியத்தில்தான் புறப்பட்டேன். மலையிலிருந்து போனவர்களை விசாரித்து விசாரித்து, வவுனியாவையும் தாண்டி, கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கிடுகு வேய்ந்த ஒரு வீட்டுக்குள் ஒரு சிறுமி சத்தமாகப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஆகஸ்ட் லீவுதான். சிறுமி ஓரிடத்தில் நிறுத்தினாள். கொல்லையில் கச்சான் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே குரல் கொடுத்தாள்:

"சத்தம் நின்னுச்சு!"

நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாடகைத் தொண்டையைத் தேடி இவ்வளவு தூரம் வந்தீங்களா?" என்று சிரித்தாள்.

ஊரிலிருந்து வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"ஏலக்காயா? கொண்டு போயிருங்க. இந்த வாசம் வந்தா எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிரும்."

அப்போது சொன்னேன். "அந்தச் சாக்கை அடைச்சது அப்பா இல்ல. அம்மாவும் இல்ல. நான்."

"நீயா?"

அதுவரை நீங்க என்றவள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா சாகிற வரைக்கும் ஒங்கப்பாவைத் திட்டினாரு. நெருப்புப் பெட்டி வாங்கிறப்பெல்லாம் திட்டுவாரு. அந்த மனுசன் ஒண்ணுமே பண்ணலையா?"

"ஒண்ணும் பண்ணல."

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னு சொன்னவரு அவருதானே," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டேன். வந்த புதிதில் காடு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் கை தேவைப்பட்டது, பிறகு வயது போய்விட்டது என்றார்கள், தம்பி படித்தான். பிள்ளைகள் வாசிக்கக் கேட்டுத்தான் மீதி எழுத்துகளைப் பிடித்தாளாம். பெரிய எழுத்தாக இருந்தால் வாசிப்பாளாம்.

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மகளை மாத்தளைக்கு அனுப்பு, என் வீட்டில் என் பிள்ளைபோல் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்றேன்.

"இவளை அனுப்பிட்டா லீவுல இவ வாசிக்கிறத யாரு கேக்கிறது?" என்றாள். பிறகு, "எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. அந்த மணி என்னாச்சு?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அதைவிட மோசமாக இருந்தது. அந்தக் கதையின் முடிவு எனக்கு ஞாபகமில்லை. அவளுக்குக் கேட்காமல் வாசித்தது ஞாபகமிருந்தது; என்ன வாசித்தேன் என்பது இல்லை.

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா," என்றாள். பஸ் வரை வந்து ஏற்றிவிட்டாள்.

அந்தப் பழைய வாசிப்புப் புத்தகத்தைத் தேடத் தொடங்கினேன். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது. கடைசியில் உக்குவளையில், வேலையிலிருந்து இளைப்பாறிய ஓர் ஆசிரியையின் அலமாரியில், கரையான் அரித்த அட்டையோடு கிடைத்தது. கிடைத்த உடனே போயிருக்க வேண்டும். இந்த லீவு வேண்டாம், அடுத்த லீவு, வீட்டில் கல்யாண வேலை, அதற்கடுத்த லீவு என்று தள்ளினேன். மறுபடி யுத்தம் வந்து பாதை மூடிவிட்டது. இதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில், யுத்தம் எல்லாம் முடிந்த பிறகு, வவுனியா அகதி முகாமில் அவள் பெயர் இருப்பதாக ஒருவர் சொல்லித் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கம். நடுவில் கொஞ்சம் இடைவெளி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். வெயில். புழுதி. அவள் பாதியாகியிருந்தாள். அன்று வாசித்துக்கொண்டிருந்த மகள் இப்போது பெரியவள். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கூட ஒரு சின்னப் பையன், அந்த மகளுக்குத் தம்பி. புருஷன் இல்லை. நான் கேட்கவில்லை.

பால்மாவும் துணியும் கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டேன். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அதுவா?"

"அதுதான்."

"அப்ப வாசிங்க. சத்தமா வாசிங்க, இங்க ஒண்ணும் கேக்காது."

வேலியோரம் நின்று வாசித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மணி ஆற்றில் விழுந்த இடத்திலிருந்து தொடங்கினேன். வண்டிக்காரன் ஊருக்குள் ஓடினான். ஊரார் வந்து கயிறு கட்டி மணியை இழுத்தார்கள். மணி கோயிலைச் சேர்ந்தது. வண்டிக்காரனுக்கு ஒரு வேட்டி பரிசாகக் கிடைத்தது. முடிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அடப்பாவி. இதுக்கா?" என்றாள். பல் தெரியச் சிரித்தாள்.

மகள் சொன்னாள்: "அம்மா சொல்லுறதுதான் நல்லா இருக்கு. அம்மாட கதையில மணி ஆத்துக்குள்ளயே கிடக்கும். வெள்ளம் வரப்போறப்ப எல்லாம் அடியில இருந்து அடிக்கும். சனம் கேட்டு எழும்பி ஓடிரும்."

"நீ சும்மா இரு, புத்தகத்துல உள்ளது வேற," என்று அவளை அடக்கிவிட்டு என்னிடம் கேட்டாள். "பாடத்துக்குக் கீழ கேள்வி இருக்குமே? நீ அதையெல்லாம் வாசிக்காமத் தாண்டிப் போவ. அதையும் வாசி."

அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அன்று கேட்கவில்லை; பிறகு ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு அந்த வேலிக்குப் போனபோதும், அவர்கள் வெளியே வந்து மீண்டும் கூரை போட்ட பிறகும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அன்று கேள்விகளை வாசித்தேன்.

"வண்டிக்காரன் எதை ஏற்றிச் சென்றான்?"

"மணி!" என்று அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"வண்டியில் எத்தனை மாடுகள் பூட்டப்பட்டிருந்தன?"

"ரெண்டு. ரெண்டுக்கும் தண்ணி காட்டினான்!"

எழுத்துகள் எனக்கு மங்கலாகத் தெரிந்தன. புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"சத்தம் நின்னுச்சு," என்றாள்.

மூன்றாவது கேள்வியை வாசித்தேன்.